சுகம் என்று சொன்ன வாய்

கொட்டகைக்குப் பின்னால் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருக்கிறார்கள். குழியில் தண்ணீரை ஊற்றியதும் கல் சீறிக் கொதிக்கிறது. அந்தச் சூட்டு வாடையோடு கார்பாலிக் வாடையும் கடற்காற்றும் சேர்ந்து வந்து தொண்டையைக் கமற வைக்கின்றன. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு நீ வந்துவிடுகிறாய். மல்லிகை வாசத்திலும் மாம்பழ வாசத்திலும் நினைவுக்கு வருகிற சிநேகிதிகள் மற்றவர்களுக்கு வாய்த்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவள் நீ.

மறுபடியும் கடப்புறத்துக்கு வந்திருக்கிறேன். குளச்சலுக்கு மேற்கே, நீயும் நானும் அன்று மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அதே மணல். அதே தென்னந்தோப்பு. மறுபடியும் வாந்திபேதி. இப்போது நாகர்கோவிலிலிருந்து பஸ் வருகிறது, ஆதலால் முதுகு வலிக்காமல் சாவுக்கு வந்து சேரலாம். அன்று நாம் நர்ஸ் வேலை படிக்கிற பிள்ளைகள். இன்று படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பவள் நான். ஐந்து பேர் வந்தார்கள். இன்று காலை நடந்ததற்கு அப்புறம் வேலைக்கு நிற்கிறவர்கள் மூன்று பேர்.

நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். இப்போதிருக்கிற டாக்டரிடம் சொல்ல முடியாது, அவருக்கு என்மேல் கோபம். பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. செத்துப்போனவளிடம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, நீ குறுக்கே பேச மாட்டாய். உயிரோடு இருந்த காலத்தில் என்னை ஒரு பேச்சையாவது முடிக்க விட்டிருக்கிறாயா? இந்தத் தாளில் எழுதுகிறேன், இப்போது கேள். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குத்தான் புத்தி பேதலித்துவிடும்.

நம் மிஸ்ஸியம்மாவை நினைத்துப் பார். சீமையிலிருந்து வந்து, நாகர்கோவில் வெயிலில் மூக்கு எப்போதும் சிவந்துபோய், வேதப்புத்தகத்தில் படித்த தமிழையே எல்லாரிடமும் பேசிக்கொண்டு திரிந்தவள். ‘சமையற்காரனே, நீ உப்பை மறந்தது ஏன்?’ என்று அவள் கேட்டதை நீ பேசிக் காட்டும்போது நாங்கள் பாயில் உருண்டு சிரித்திருக்கிறோம். ஆனால் வேலை பழக்குவதில் அவளைப் போல ஒருத்தியை நான் அப்புறம் பார்க்கவில்லை. நோயைப் பற்றிப் புத்தகம் சொல்லித் தந்துவிடும், நோய் வந்த வீட்டின் கூச்சலை எந்தப் புத்தகம் சொல்லித் தரும் என்று கேட்பாள். அந்தக் கூச்சலை நமக்குப் பழக்க அவள் படுத்திய பாட்டை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

வைக்கோல் அடைத்த சாக்குப் பொம்மை ஒன்று வைத்திருந்தாளே, அயோடின் கறையும் கஞ்சிக் கறையுமாக. அதற்கு மாசிலாமணி என்று பேர் வைத்தவள் நீ. மாசிலாமணிக்கு ஒருநாள் கால் ஒடியும், ஒருநாள் பிரசவம் ஆகும். நாம் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது மிஸ்ஸியம்மா பின்னால் நின்று தகரத் தட்டைக் கரண்டியால் அடிப்பாள். தோட்டக்காரனைக் கூப்பிட்டு, ‘ஐயோ, எனக்க பிள்ள போச்சே’ என்று அலறச் சொல்வாள். அந்த மனுஷன் முதலில் வெட்கப்பட்டான். போகப்போக மார்பில் அடித்துக்கொண்டு, நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்தவன் போல அழப் பழகிவிட்டான். அந்தக் கூச்சலுக்கு நடுவில் நம் கை நடுங்கக் கூடாது, கட்டு நெகிழக் கூடாது.

சாப்பாட்டு நேரம் அதைவிட மோசம். மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் பிசைந்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது மணி அடிக்கும். கையைக் கழுவிவிட்டு வார்டுக்குப் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் மாசிலாமணிதான் கிடப்பான். ஓடவும் கூடாது. ‘ஓடுகிறவளைக் கண்டு நோயாளி பயப்படுவான். நட’ என்பாள். நீதான் ஒருநாள் என் காதில் சொன்னாய்: “ஏட்டி, நாளைக்கு நமக்கு மின்னு கெட்டுத நேரத்துல இவ மணி அடிப்பா, பாத்துக்க. மாப்பிளைய அப்பிடியே உட்டுட்டு நடக்கணும். ஓடப்பிடாது.” நான் சிரித்துத் தொலைத்தேன். அதற்கு எனக்குத்தான் தண்டனை கிடைத்தது.

நான் முதல் சில மாதங்கள் அழுதேன். நீ அழவில்லை. தட்டு அடித்தாலும் மணி அடித்தாலும் உன் நெட்டை உடம்பு ஒரு தடவை நிமிரும், ஒரு மூச்சு விடுவாய், பிறகு கை தன் வேலையைப் பார்க்கும். மிஸ்ஸியம்மாவின் கண் உன்மேல்தான் இருந்தது. அது உனக்கும் தெரியும். தெரியாதது போல நடிக்க உனக்கு வராது.

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. காலை ஜெபம் முடிந்ததும் வராந்தாவில் வரிசையாக நிற்போம். மிஸ்ஸியம்மா ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து நின்று கண்ணைப் பார்ப்பாள். ‘சுகமா?’ என்று கேட்பாள். ‘சுகம், அம்மா’ என்று நாம் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது. ஒருமுறை நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன். ‘வார்டில் இருக்கிறவர்களைவிடவா?’ என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். என் முகம் செத்துப்போயிற்று. அதற்கப்புறம் காய்ச்சலானாலும், மாதவலியானாலும், வீட்டிலிருந்து கெட்ட சேதி வந்தாலும் சுகம்தான். உன் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டுத் திருவட்டாறிலிருந்து நீ திரும்பி வந்த மறுநாளும் அவள் கேட்டாள். ‘சுகம், அம்மா’ என்றாய். அவள் உன் தோளைத் தட்டினாள். எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. தகப்பன் செத்துப் பிழிந்து போட்ட துணிமாதிரி நிற்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட வைத்த பள்ளிக்கூடம் அது.

பிறகு இங்கே பேதி கண்டது. வேதக்கோயில் திருநாள் முடிந்த கையோடு, ஒரு வீடு விடாமல். டாக்டர் முன்னால் வந்து கொட்டகை போடச் செய்தார். மிஸ்ஸியம்மா நம்மைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். கிணறுகளில் சிவப்பு மருந்தைப் போட்டதும் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட, யாரும் வாளியை இறக்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஊரே நம்பியது. குடித்தால் குடித்தது அப்படியே வெளியே போகும், உயிரும் கூடப் போகும் என்பார்கள். பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்க, பெற்ற தாய்மாரே அழுதுகொண்டு தம்ளரைத் தட்டிவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் கெஞ்சினோம். நீ கெஞ்சவில்லை. பாயில் போய் உட்கார்ந்து, நோயாளி வாய் வைத்த தம்ளரிலிருந்தே ஒரு மடக்குக் குடித்தாய். “பாத்தீளா அம்மா, நானும் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவல்ல. இனி பிள்ளைக்குக் குடுங்க.” அவர்கள் கொடுத்தார்கள். அடுத்த பாயிலும் அப்படியே செய்தாய். எத்தனை பாயில் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கு அந்தத் தம்ளரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

மிஸ்ஸியம்மா பழக்கியது வீண்போகவில்லை. அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றிகெட்டவள். கொட்டகை முழுக்கக் கூச்சல், வாந்தி, சாவு. ஒருத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பகலில் பறிகொடுத்துவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தபோது நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றுவிட்டேன். நீ என் பின்னால் வந்து நின்று மெதுவாக, “மூச்சு விடு மக்கா. பைய. கைய மட்டும் பாரு” என்றாய். கையைப் பார்த்தேன். கை தன் வேலையைச் செய்தது. பேதிக்காரர்களுக்கு உப்புநீர் ஏற்றுவது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் நரம்பில் ஊசியைச் செருகிவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவார். நோயாளிக்குக் கைகால் இழுத்துக்கொண்டு துள்ளும். ஊசி வெளியே வந்துவிட்டால் மறுபடி நரம்பு கிடைக்காது, உடம்பு வற்றி எல்லா நரம்பும் உள்ளே போயிருக்கும். ஆகவே ஒருத்தி பக்கத்திலேயே இருந்து அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே தொங்கும் உப்புநீர் ஜாடி காலியாகுமுன் குழாயின் கிளிப்பையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போய்விடும். ஒரு நோயாளிக்கு ஒருத்தி. அதில் குறுக்குவழி கிடையாது. எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்களோ, அத்தனை உயிர்.

உன் கடைசிக் காலையிலும் மணலில் வரிசையாக நின்றோம். மிஸ்ஸியம்மாவும் தூக்கமில்லாமல் கண் வீங்கித்தான் வந்தாள். ‘சுகமா?’ என்று கேட்டாள். நீ எனக்கு இடப்பக்கம் நின்றாய். ‘சுகம், அம்மா’ என்றாய். உன் குரலில் ஒன்றும் இல்லை. அந்தக் குரலை எத்தனையோ தடவை மனசுக்குள் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. சுத்தமான பொய் அது, நம் பள்ளிக்கூடத்தில் செய்த உருப்படி.

உனக்குக் கிடைத்தவள் பிரகாசி. கட்டுமரக்காரன் பெண்டாட்டி, சின்ன வயசு, பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பகலெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எதிர்வரிசையில் இருந்தேன். ஜாடி தீரப்போகும் நேரம் நீ கிளிப்பை அடைத்தாய். ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்தாய். அவள் கையை மெதுவாகப் பாயில் கிடத்தினாய். எழுந்து வெளியே நடந்தாய். ஓடவில்லை. கொட்டகை வாசலைத் தாண்டினதும் நீ விழுந்த சத்தம் கேட்டது.

டாக்டர் உன் இரண்டு கையிலும், கணுக்காலிலும் நரம்பு தேடினார். கிடைக்கவில்லை. ‘காலையிலேயே சொல்லியிருந்தால்’ என்று அவர் ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஏன் ஏட்டி சொல்லல்ல?” என்று கேட்டேன். உன் குரல் உள்ளே போய்விட்டது. காதை வாயருகே வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“சொல்லணும்ணுதான் வந்து நிண்ணேன், மக்கா. அவ கேட்டா. வாய் தன்னால சொல்லிட்டுது. பின்ன மாத்திச் சொல்ல நாணமாட்டு இருந்துது.” பிறகு, “அவளுக்க கை அனங்காம பாத்துக்க” என்றாய். பிரகாசியின் கை அசையக் கூடாது என்று சொன்னாய். அவளுக்கு ஊசியே எடுத்தாகிவிட்டது என்பதை நீ மறந்துபோயிருந்தாய். அந்தி சாயுமுன் நீ போய்விட்டாய். எனக்கு வேறு நோயாளி கொடுத்தார்கள். நான் எழுந்து போனேன். நடந்துதான் போனேன்.

பிரகாசி பிழைத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வந்து சேரும்போது மிஸ்ஸியம்மா உன் கதையைச் சொல்வாள். ‘அவள் கிளிப்பை அடைத்துவிட்டே விழுந்தாள்’ என்பாள். சொல்லும்போது அவள் கண்ணீர் விடுவதும் மெய்தான். அவள் உன்னை நேசித்தாள். பிள்ளைகளின் கண் பளபளக்கும். ‘நீங்களும் அவளைப் போல இருங்கள்’ என்று முடிப்பாள். நான் பின்வரிசையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவளைப் போல இருந்தால் என்ன கிடைக்கும்? கடப்புறத்து மணலில் ஒரு சிலுவை. அதையும் கோயில் சாமியார் இரக்கப்பட்டு வைத்தார். ஒருநாள் தாங்காமல் அவளிடம் கேட்டேன், ‘அம்மா, அவள் சுகமில்லை என்று சொல்ல ஒரு இடம் இருந்ததா?’ ‘சொல்ல அனுமதித்தால் எல்லாரும் சொல்வார்களே, மகளே. அப்போது நோயாளிகளுக்கு யார்?’ என்றாள்.

அவள் சீமைக்குத் திரும்பினாள். பிள்ளைகளைப் பழக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் பெரும்பாலானதை அப்படியே வைத்துக்கொண்டேன். மாசிலாமணி கிழிந்துபோய்ப் புதுச் சாக்கில் மறுபிறவி எடுத்திருக்கிறான். நானும் தகரத் தட்டை அடிக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் மணியும் அடிக்கிறேன். என்னைப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசிக் காட்டுகிறார்கள் என்றும் தெரியும். காலைக் கேள்வியை மட்டும் மாற்றினேன். ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்பேன். ஒவ்வொருத்தியும் ஒரு குறையாவது சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்ல விட மாட்டேன். முதலில் அவர்களுக்கு இது விளையாட்டாகப் போயிற்று. “பேன் கடிக்கி அக்கா” என்பாள் ஒருத்தி. “எங்க அம்ம எனக்கு மாப்பிள பாக்கா, அதுதான் கொற” என்பாள் இன்னொருத்தி. டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, ‘பட்டாளத்தைப் பழக்கச் சொன்னால் பாட்டிமார் சங்கம் நடத்துகிறாயா?’ என்றார். சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன். பேனைச் சொல்லிப் பழகிய வாய் ஒருநாள் பேதியையும் சொல்லும் என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

உன் கதையை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எந்தக் கதைதான் சாகிறது? உன்னை ‘நெட்டை அக்கா’ என்கிறார்கள்.

இங்கே வந்தபிறகு பிரகாசியே வந்து நின்றாள். தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளை எடுத்துவிட்டாளாம். கொட்டகைக்கு வெந்நீர் காய்ச்சவும் சுமக்கவும் ஊரில் யாரும் பயந்து வராதபோது அவள் வந்தாள். “எனக்கு ஒருக்க வந்துட்டு போயாச்சு. இனி எனக்கு என்ன பேடி?” என்றாள். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து உன்னைப் பற்றிச் சொன்னவளும் அவள்தான். தடுக்க நினைத்தேன். உயிர் கொடுத்தவளைப் பற்றி உயிர் வாங்கிக்கொண்டவள் சொல்கிறாள், அதில் நான் எப்படிக் குறுக்கே போக?

இன்று காலைக்கு வருகிறேன். மணலில் நின்றார்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அன்னாளின் முறை வந்தது. தலையைக் குனிந்து கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, பேனைப் பற்றிச் சொல்கிற அதே குரலில், “விடியக்காலம் முதல் வயிறு எளகிப் போவுது அக்கா” என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என்னைப் பைத்தியக்காரி என்பாய். அந்தப் பிள்ளைக்குப் பேதி கண்டிருக்கிறது, நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கப் போனேன். சொல்லிவிட்டாள் பார், நீ சொல்லாததை இவள் சொல்லிவிட்டாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உடனே பாயில் கிடத்தினேன். டாக்டர் வந்தார், முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. அந்த நேரத்தில் ஐந்து பேரில் தக்கலையிலிருந்து வந்த பிள்ளை என் பின்னால் வந்து நின்று, “எனக்கும் ஒரு கொற உண்டு அக்கா. பேடியாட்டு இருக்கு. கை வழங்கல்ல. என்னை வீட்டுக்கு உடுங்க” என்றாள். கையை நீட்டிக் காட்டினாள், மெய்யாகவே நடுங்கியது. சொல் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொன்ன பிறகு அடிக்க முடியுமா? பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். டாக்டர் திட்டவில்லை. ‘இன்றைக்கா?’ என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்குத்தான். சூசை என்று ஒரு பையன், புதுசாகக் கடலுக்குப் போகத் தொடங்கியவன், கன்னத்தில் பூனைமயிர். தாயார் கூட வந்தாள். டாக்டர் அவனுக்கு ஊசி போட்டார். மீதி மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்னாளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு இழுப்பு கடுமையாக வந்துகொண்டிருந்தது. சூசையின் கையைப் பிடிக்க அவன் தாயாரைத்தான் உட்காரவைத்தோம். இப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும், எது வந்தாலும் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தலையை ஆட்டினாள். மகனுக்கு இழுப்பு வந்து துள்ளியதும், எந்தத் தாயும் செய்வதைச் செய்தாள். கையை விட்டுவிட்டு அவனை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊசி வெளியே வந்துவிட்டது.

டாக்டர் என் பேரைச் சொல்லிக் கத்தினார். அன்னாளின் ஜாடி ஓடிக்கொண்டிருந்தது. நான் எழவில்லை. கிளிப்பை அடைத்துவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்துபோய்ச் சூசையின் கையைப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அடுத்த இழுப்பில் அன்னாளின் ஊசி போயிருக்கும். நான் அவள் கையை விடவில்லை. டாக்டர் தனியாக அவன் இரண்டாவது கையில் தேடினார், காலில் தேடினார். உச்சி வெயிலாகுமுன் அவன் போய்விட்டான்.

பிரகாசி வெந்நீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலில் குற்றம் ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொல்கிறவள் போல, “அந்த நெட்டப் பிள்ள இருந்திருந்தா இவன உட்டுருக்காது” என்றாள்.

நான் என்ன சொல்வேன்? அந்த நெட்டைப் பிள்ளை அன்று காலையில் வாயைத் திறந்திருந்தால் இன்று இருந்திருப்பாள், பிரகாசி, நீ இருந்திருக்க மாட்டாய் என்றா? அவளுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. அந்தப் பேரப்பிள்ளை உன் பொய்யில் பிறந்தது. நீ பொய் சொல்லியிருக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் கறுவிக்கொண்டிருக்கிறேன். குடம் சுமக்கிற அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அன்னாள் மெய் சொன்னாள், அதனால் கிடக்கிறாள். அவள் மெய்க்கு ஒரு பையன் போனான். மிஸ்ஸியம்மா கேட்டாளே, அப்போது நோயாளிகளுக்கு யார் என்று? அந்தப் பையன் வெளியே தென்னைமூட்டில் ஓலைக்குக் கீழே கிடந்து அதையே கேட்கிறான். அவன் தாயார் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அழக்கூட இல்லை. தோட்டக்காரன் நமக்கு அழுகையைத்தான் பழக்கினான், இதைப் பழக்கவில்லை.

எதைச் சொல்லிக் கொடுப்பது, மக்கா? நீயே சொல். பயத்தை மறைக்கச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சாகிறார்கள். மறைக்காதே என்று சொல்லிக் கொடுத்தால் மற்றவர்கள் சாகிறார்கள். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கும், என்னைவிடப் புத்தியுள்ளவள் யாராவது கண்டுபிடிப்பாள். என் கையில் இருப்பது மூன்று பிள்ளைகளும் நாளைக் காலையும்தான். நாகர்கோவிலுக்கு ஆள் கேட்டு எழுதியிருக்கிறேன். எப்போது வருவார்கள் என்று தெரியாது.

அன்னாளின் இழுப்பு அடங்கியிருக்கிறது, கொஞ்சம் முன்பு மூத்திரமும் போயிற்று. பேதியில் அது எவ்வளவு பெரிய சேதி என்று உனக்குத் தெரியும். டாக்டர் என்னிடம் பேசாமலே வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னும் உறுதி சொல்ல முடியாது. கண் திறந்து என்னைப் பார்த்தாள். “நான் சொன்னதினாலயா அக்கா அந்தப் பையன்” என்று கேட்க ஆரம்பித்தாள். வாயை மூடு என்று அதட்டினேன். பயந்துபோய் மூடிக்கொண்டாள். நல்ல நர்ஸ் நான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ரெபேக்கா வந்து முன்னால் நிற்கிறாள். மூன்று பேரில் கெட்டிக்காரி இவள்தான். சூசையின் தாயாரைக் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போனவளும் இவள்தான். நான் இவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிற நேரமும் இது இல்லை.

“எனக்கு ஒரு கொறையும் இல்ல அக்கா. நான் சுகமாட்டுதான் இருக்கேன்.”

உதடு காய்ந்திருக்கிறது. வெயிலில் நின்றாலும் உதடு காயத்தான் செய்யும். நிமிர்ந்து நிற்கிறாள், ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறாள். இத்தனை வருஷம் காலைதோறும் நின்று நான் துடைத்த வார்த்தையை ஒரு சாவு ஒரே பகலில் இவள் வாயில் திரும்ப வைத்துவிட்டது.

உன் துணிச்சலை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மக்கா. மிஸ்ஸியம்மா எடுத்துக்கொண்டாள், பிரகாசி எடுத்துக்கொண்டாள், இந்தப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது, யார் சுகம் என்று சொன்னாலும் நம்ப மறுக்கிறேனே, அது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்கிறேன். ரெபேக்காவின் மணிக்கட்டை இடது கையால் எட்டிப் பிடித்துவிட்டேன். நாடி எப்படி இருக்கிறது என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. “உடுங்க அக்கா, அங்க ஆளு இல்ல” என்று கையை இழுக்கிறாள். நான் விடவில்லை.